பேனையால் ஒரு நிரல், பென்சிலால் ஒரு நிரல்: 2024 ஜனாதிபதித் தேர்தலும் ஒரு வாசிகசாலையும்

எதைப் பற்றிய பதிவு

இலங்கையில் 2024 செப்டெம்பர் 21 அன்று ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அதற்கு முந்திய இரண்டு மாதங்களில் யாழ்ப்பாண மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில் இருக்கும் சனசமூக நிலையம், வேட்பாளர் குழப்பத்தை எப்படிக் கையாண்டது என்பதே இங்கே பதிவாகிறது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டிருக்கிறேன். நான் அந்த நிலையத்தின் அங்கத்தவன் அல்ல. வாக்காளர் விழிப்புணர்வு வகுப்பு எடுக்க அழைக்கப்பட்டுப் போனவன். நிர்வாகக் கூட்டங்களிலும் ஓரமாக இருக்க விட்டார்கள். வடக்கு கிழக்கில் இதுபோன்ற நிலையங்கள் ஊருக்கு ஒன்றாவது உண்டு. அடுத்த தேர்தலில் இதே நெருக்கடி வேறொரு நிலையத்துக்கும் வரும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

பின்புலம்

ஊரில் வாசிகசாலை என்றுதான் சொல்வார்கள். முன் விறாந்தையில் பத்திரிகை மேசை, உள்ளே சின்ன மண்டபம், பின்அறையில் விளையாட்டுக் கழகத்தின் சாமான்கள். பிரதேச சபையில் பதிவான அமைப்பு. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, தேர்தலும் தள்ளிப்போனதால், சபை அப்போது அதன் செயலாளரின் பொறுப்பில் இருந்தது. ஒரு சிக்கல் என்றால் போய்ப் பேசத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லை.

நிலையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற அதிபர். நெடுங்காலத் தமிழரசுக் கட்சிக்காரர் என்பது ஊரறிந்த சங்கதி. செயலாளர் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் இளம் பெண். பொருளாளர் மீனவர் சங்கத்திலும் இருப்பவர். எல்லாக் கட்சிக்காரரோடும் பேசுவார், எவருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டார்.

ஜூலை 26 அன்று தேர்தல் ஆணைக்குழு திகதிகளை அறிவித்தது. வேட்புமனு ஓகஸ்ட் 15, வாக்களிப்பு செப்டெம்பர் 21. அந்த அறிவிப்புக்கு முன்னரே வாசிகசாலையில் பேச்சு சூடேறிவிட்டது. காரணம், தமிழர் தரப்பில் பொது வேட்பாளர் ஒருவரை நிறுத்துவது என்ற முயற்சி. ரெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எவ் உள்ளிட்ட கட்சிகளும் சிவில் சமூகப் பிரதிநிதிகளும் சேர்ந்து தமிழ்த் தேசியப் பொதுக் கட்டமைப்பு என்ற ஒன்றை உருவாக்கியிருந்தார்கள்.

ஊரின் முதியவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. முதலாவது ஜனாதிபதித் தேர்தலிலேயே, 1982இல், தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலம் போட்டியிட்டு 173,934 வாக்குகள் எடுத்ததை அவர்கள் சொன்னார்கள். சிவாஜிலிங்கம் 2010இல் 9,662 வாக்குகளும் 2019இல் 12,256 வாக்குகளும் எடுத்ததை இளைஞர்கள் சொன்னார்கள், சற்றுக் கேலியோடு. அதே 2010, 2015, 2019 தேர்தல்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தானாக ஒருவரையும் நிறுத்தவில்லை. சரத் பொன்சேகா, மைத்திரிபால சிறிசேன, சஜித் பிரேமதாச என்று தெற்கின் வேட்பாளர் ஒருவரையே ஆதரித்து வந்தது. 2005 பகிஷ்கரிப்பை ஒருவரும் மறக்கவில்லை. அந்த முறை யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு ஒருவர்தான் வாக்களித்தார்கள்; மகிந்த ராஜபக்ச 180,786 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இந்த முறையும் பகிஷ்கரிப்பைக் கேட்டது குமார் பொன்னம்பலத்தின் மகன் கஜேந்திரகுமார் தலைமையிலான தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி. அப்பா போட்டியிட்ட தேர்தலை மகன் புறக்கணிக்கச் சொல்கிறார் என்று பத்திரிகை மேசையில் ஒருவர் சொல்ல, அன்றைய பொழுது அந்தச் சண்டையிலேயே போனது.

நிலையத்துக்கு வந்த நெருக்கடி

ஓகஸ்ட் 8 அன்று பொது வேட்பாளராகப் பாக்கியசெல்வம் அரியநேத்திரன் அறிவிக்கப்பட்டார். மட்டக்களப்பு மாவட்டத்தின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். தமிழரசுக் கட்சியைச் சேர்ந்தவர். ஆனால் தமிழரசுக் கட்சி அந்தக் கட்டமைப்பில் இல்லை.

அடுத்த சில நாட்களில் நிலையத்தின் வாசலுக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். பொது வேட்பாளருக்காக வேலை செய்த இளைஞர்கள், நிலையம் பகிரங்கமாக ஆதரவு அறிவிக்கவேண்டும், முன் சுவரில் பதாகை கட்ட விடவேண்டும் என்று கேட்டார்கள். அரசோடு நின்ற பிரமுகர் ஒருவரின் இணைப்பாளர் மண்டபத்துக்குக் கதிரைகள் எடுத்துத் தருவதாகச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. திசைகாட்டிக்காரப் பெடியள் (தேசிய மக்கள் சக்தி) இரண்டு பேர் மண்டபத்தை ஒரு பின்னேரம் வாடகைக்குக் கேட்டார்கள். பகிஷ்கரிப்புக்காரர் துண்டுப்பிரசுரம் வைத்துவிட்டுப் போனார்கள்.

நான் கவனித்தது வேறு. வந்து சண்டை பிடித்தவர்களைவிட, பேசாமல் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம் குழம்பியிருந்தார்கள். அவர்களுடைய கேள்விகள் மிக எளிமையானவை. ஜனாதிபதி ரணில் எந்தக் கட்சியில் போட்டியிடுகிறார்? ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவர் ஏன் சுயேச்சையாக நிற்கிறார்? அரியநேத்திரன் தமிழரசு ஆள் என்றால் அந்தக் கட்சியின் வீடு சின்னம் எங்கே? அவரை நிறுத்தியது கட்சியா, கட்டமைப்பா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஒவ்வொருவரும் பதிலோடு தன் வேட்பாளரையும் சேர்த்தே சொன்னார்கள்.

முதல் முடிவு

நிர்வாகக் கூட்டம் இரவு ஏழு மணிக்குத் தொடங்கி மின்சாரம் போய், வந்து, பத்து மணி தாண்டி முடிந்தது. பதாகை வேண்டாம், கதிரை வேண்டாம், மண்டபம் எந்தக் கட்சிக்கும் இல்லை என்பதில் சிக்கல் இருக்கவில்லை. பொது நிதியில் நிற்கும் கட்டிடம். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்கவேண்டும். சண்டை வந்தது அடுத்த கேள்வியில்: அப்படியென்றால் நிலையம் வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

தலைவர் இருக்கலாம் என்றார். தன் கட்சி இன்னும் முடிவெடுக்காத நேரத்தில் அவருக்கு அது வசதி என்று எனக்குத் தோன்றியது. பொருளாளருக்கும் தோன்றியிருக்கவேண்டும், அவர் சிரித்தார். செயலாளர்தான் ஒரு யோசனை வைத்தார். வேட்பாளர் பட்டியலை ஒரு பெரிய தாளில் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுவது. நான்கு நிரல்: பெயர், சின்னம், வேட்புமனு கொடுத்தது யார், ஆதரிப்பது யார்.

"முதல் மூண்டையும் பேனையால எழுதுவம். கடைசி நிரல் பென்சிலால. அது மாறும், சேர்" என்றார்.

முடிவின் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. இலங்கை அரசியலமைப்பின்படி அங்கீகரிக்கப்பட்ட கட்சி தகுதியுள்ள எந்தப் பிரசையையும் ஜனாதிபதி வேட்பாளராக நியமிக்கலாம். அப்படி ஒரு கட்சி இல்லையென்றால், நாடாளுமன்றத்துக்குத் தெரிவாகி இருப்பவரோ முன்பு இருந்தவரோ மட்டுமே நிற்க முடியும்; அவரைப் பதிவுபெற்ற வாக்காளர் ஒருவர் நியமித்தால் போதும். அதனால்தான் சுயேச்சை என்று நிற்பவர்கள் அத்தனை பேரும் முன்னாள் அல்லது இந்நாள் எம்.பி.க்கள். ஊரில் பலர் பேசிக்கொண்டதுபோல் ஒரு பேராசிரியரையோ மதகுருவையோ பொது வேட்பாளராக நிறுத்த வேண்டுமென்றால், ஏதாவதொரு அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் கையெழுத்து வேண்டும். கட்சி கையெழுத்துப் போட்டால் சின்னமும் அந்தக் கட்சியினுடையது ஆகிவிடும். முன்னாள் எம்.பி. ஒருவரைத் தேடியதில் இந்தச் சட்ட வாசலுக்கும் பங்கு உண்டு. இதை அந்தக் கூட்டத்தில் விளக்கியபோது தலைவரே, "அப்ப இது ஆளின்ரை தகுதிப் பிரச்சினை மட்டுமில்லை" என்றார்.

கட்டுப்பணம் அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 50,000 ரூபா, மற்றவர்களுக்கு 75,000 ரூபா. செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு எடுக்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும். இன்றைய விலைவாசியில் 75,000 ரூபா ஒரு தடையே அல்ல. ஒரு வேட்பாளருக்கு வாக்கெண்ணும் நிலையத்தில் முகவர்களை வைக்க உரிமை கிடைக்கிறது என்பதை நினைத்தால், பெரிய வேட்பாளருக்குத் துணைக்கென்று நிற்பவர்களும் உண்டு என்ற ஊர்ப்பேச்சை வெறும் வதந்தி என்று தள்ள முடியாது.

ஓகஸ்ட் 15க்குப் பிறகு

கட்டுப்பணம் கட்டியவர்கள் நாற்பது பேர். இராஜகிரியவில் உள்ள தேர்தல் ஆணைக்குழுவில் வேட்புமனு ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் 39 பேர். அதில் ஒரு பெண்ணும் இல்லை. இதைத் தாளை எழுதிக்கொண்டிருந்த செயலாளர்தான் முதலில் கவனித்தார். முப்பத்தொன்பது பெயரையும் எழுதி முடித்தபிறகு மார்க்கரை மூடிவைத்துவிட்டு, "ஒண்டுகூட இல்லை என்ன" என்று மட்டும் சொன்னார்.

ஒரு தாள் போதவில்லை. இரண்டு தாளை ஒட்டி, பலகையின் கீழ்ச்சட்டத்தையும் தாண்டித் தொங்கியது. ரணில் விக்கிரமசிங்கவின் வரிசையில் மூன்றாவது நிரலில் "சுயேச்சை", சின்னம் எரிவாயு உருளை. நான்காவது நிரலில் பென்சிலால் அவரை ஆதரித்த அணிகளின் பெயர்கள், இடம் போதாமல் ஓரத்திலும் ஏறின. சஜித் பிரேமதாச ஐக்கிய மக்கள் சக்தி, தொலைபேசி. அநுர குமார திசாநாயக்க தேசிய மக்கள் சக்தி, திசைகாட்டி. நாமல் ராஜபக்ச பொதுஜன பெரமுன, மொட்டு. அரியநேத்திரன் சுயேச்சை, சங்கு.

சங்கின் வரிசைக்கு முன்னால்தான் ஆட்கள் அதிகம் நின்றார்கள். ஒரு இளைஞன் தலைவரிடம் நேரே கேட்டான்:

"சேர், அவர் தமிழரசு ஆள்தானே. பிறகேன் சுயேச்சை எண்டு போட்டிருக்கிறியள்?"

"தம்பி, ஆள் கட்சிக்காரன். மனு கட்சி குடுக்கேல்லை. ரெண்டும் வேற."

தலைவர் அதைச் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. அவர் மனதில் இருந்தது எதுவாயினும், தாளில் இருந்ததைத்தான் வாசித்தார்.

ஓகஸ்ட் 22 அன்று சுயேச்சை வேட்பாளர் இத்ரூஸ் மொகமட் இல்யாஸ் காலமானார். பெயரை வெட்டுவதா என்று கேள்வி வந்தது. வாக்குச்சீட்டில் அவருடைய பெயர் இருக்கும் என்று தெரிந்தபின், வெட்டவில்லை. பக்கத்தில் பேனையால் "காலமானார்" என்று எழுதினார்கள். பலகையைப் பார்த்துவிட்டு வாக்குச்சீட்டை எடுப்பவருக்கு இரண்டும் ஒத்திருக்கவேண்டும் என்பதே காரணம்.

செப்டெம்பர் 1

அன்று வவுனியாவில் கூடிய தமிழரசுக் கட்சியின் மத்திய குழு, சஜித் பிரேமதாசவை ஆதரிப்பது என்றும் அரியநேத்திரன் விலகவேண்டும் என்றும் முடிவெடுத்தது. கட்சிக்குள்ளேயே அது ஒருமித்த முடிவு அல்ல. சிறீதரன் பொது வேட்பாளருக்காகப் பிரசாரம் செய்தார். சுமந்திரன் சஜித்துக்காகச் செய்தார். ஒரே கட்சியின் இரண்டு தலைவர்கள் இரண்டு மேடையில்.

அடுத்த நாள் காலை வாசிகசாலையில் கூட்டம் வழமையைவிட அதிகம். "சங்கு விலகிட்டுதாம்" என்று ஒரு கதை ஏற்கெனவே ஒழுங்கைகளில் ஓடிக்கொண்டிருந்தது. செயலாளர் வேலைக்குப் போகும் வழியில் இறங்கி, அழிறப்பரால் நான்காவது நிரலில் இரண்டு இடங்களைத் துடைத்து எழுதினார். சஜித்தின் வரிசையில் "தமிழரசுக் கட்சி (மத்திய குழு முடிவு)". சங்கின் வரிசையில் "தமிழ்த் தேசியப் பொதுக் கட்டமைப்பு, தமிழரசுக் கட்சியினர் சிலர்". மூன்றாவது நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அதைத் தொட்டுக் காட்டிப் பொருளாளர் அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: மனு கொடுத்தாயிற்று, விலகச் சொல்லலாம், சீட்டில் இருந்து எடுக்க ஏலாது.

இந்த நடவடிக்கை முழுவதிலும் பலன் தந்தது இதுவே என்று நினைக்கிறேன். ஒரு வேட்பாளரின் சட்ட நிலையும் அவருக்கான அரசியல் ஆதரவும் தனித்தனி விடயங்கள் என்று மேடையில் விளக்கியிருந்தால் ஒருவர் காதிலும் ஏறியிராது. பேனையும் பென்சிலும் அதைக் கண்ணால் காட்டின. வதந்தி அந்த ஊரில் இரண்டு நாளில் அடங்கியது. அயலில், இதே கதை வாக்களிப்பு நாள் வரை ஓடியதை நான் கேட்டேன்.

பழங்களுக்கு வாக்கு

மற்றப் பாதி வேலை, வாக்குச்சீட்டில் அடையாளமிடப் பழக்குவது, இவ்வளவு சுலபமாகப் போகவில்லை.

இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு மட்டும் வாக்களிக்கலாம். அல்லது 1, 2, 3 என்று மூவரை வரிசைப்படுத்தலாம். எவரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் மட்டும் இரண்டாவது விருப்பைப் பார்ப்பார்கள். அது முதல் இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்குச் சேரும், இல்லாவிட்டால் மூன்றாவதைப் பார்ப்பார்கள். 1982இலிருந்து அதுவரை ஒருமுறைகூட இரண்டாவது எண்ணிக்கை தேவைப்பட்டதில்லை. நாற்பது வருடமாகப் பாவிக்காத விதியை எவர் நினைவில் வைத்திருப்பார்?

வாக்குச்சீட்டு மாதிரி ஒன்றை அச்சடிப்பது வீண் வம்பு என்பதால், செப்டெம்பர் முதல் வாரத்தில் பழங்களின் பெயரில் ஒரு தாள் தயாரித்தோம். மா, பலா, வாழை, கொய்யா, மாதுளை என்று தொடங்கி, நாவல், விளா வரை. வந்தவர்களுக்குத் தாளும் பென்சிலும் கொடுத்து, பிடித்த பழத்துக்கு வாக்களியுங்கள், விரும்பினால் அடுத்த விருப்பத்தையும் குறியுங்கள் என்றோம். விளக்கம் எதையும் முதலில் சொல்லவில்லை. பிழை எங்கே வருகிறது என்று பார்க்கவேண்டியிருந்தது.

பாதிக்குக் கிட்டிய தாள்கள் செல்லாதவை. அதிலும் பெரும்பாலானவை ஒரே மாதிரிப் பிழை: ஒரு பழத்துக்குப் புள்ளடி (X), இன்னொன்றுக்கு 2. அல்லது மூன்று பழத்துக்கு மூன்று புள்ளடி. காரணம் தெளிவானது. நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை புள்ளடி என்று இத்தனை வருடமும் கைபழகியிருக்கிறது. அங்கே சரியாக இருப்பது இங்கே சீட்டைக் கெடுக்கிறது. வயதான கடற்றொழிலாளி ஒருவரின் தாளை எடுத்து, மாம்பழத்துக்குப் புள்ளடி, பலாப்பழத்துக்கு 2, ஆகவே இது எண்ணப்படாது என்று செயலாளர் சொன்னார்.

"அப்ப என்ரை மாம்பழமும் போச்சே பிள்ளை?"

"போச்சு, அப்பு. ரெண்டு போடுறதெண்டா மாம்பழத்துக்கு ஒண்டு எண்டு எழுதோணும். புள்ளடி போட்டா அதோட விட்டிடோணும்."

அவர் தாளைத் திருப்பி வாங்கி, புள்ளடியை அழித்து 1 என்று எழுதி, பிறகு பலாவின் 2ஐயும் அழித்தார். "எனக்கு மாம்பழம் காணும்" என்றார். அறையில் இருந்தவர்களில் பலர் செய்ததும் அதுதான். பிழை வரும் என்ற பயத்தில் இரண்டாவது விருப்பையே விட்டுவிட்டார்கள்.

இதற்குப் பின்னால் வேறொரு நம்பிக்கையும் இருந்தது: 2 போட்டால் 1இன் பலம் குறையும். இது பிழை. தன் வேட்பாளர் போட்டியில் இருக்கும்வரை அந்தச் சீட்டின் இரண்டாவது விருப்பை எவரும் பார்ப்பதே இல்லை. ஆனால் வீடுவீடாகப் போனவர்களில் ஒருவரும் இதைத் திருத்தவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தன் ஆள் நீக்கப்படுவார் என்று ஒப்புக்கொண்டால்தான் இரண்டாவது விருப்பைப் பற்றிப் பேச வாய் வரும். எந்தக் கட்சிக்காரன் தேர்தலுக்கு முன் அதை ஒப்புக்கொள்வான்? ஒரு பொது அமைப்பு செய்யாவிட்டால் இந்த விளக்கத்தை வேறெவரும் செய்யப்போவதில்லை என்று எனக்குத் தெளிவானது அந்த அறையில்தான்.

பொது வேட்பாளரின் ஆதரவாளர்களுக்கே இது அதிகம் தேவைப்பட்டது. அவர் ஜனாதிபதி ஆவதற்காக நிற்கவில்லை என்பதை அவரை நிறுத்தியவர்களே சொன்னார்கள். தமிழரின் கோரிக்கையை ஒரு எண்ணிக்கையாகக் காட்டுவதுதான் நோக்கம். அப்படியென்றால் சங்குக்கு 1 போட்டவர் விரும்பினால் 2ஆல் ஜனாதிபதியைத் தெரிவதிலும் பங்கெடுக்கலாம். விரும்பாவிட்டால் விடலாம், அது அவருடைய அரசியல். தெரிந்து விடுவதும் தெரியாமல் விடுவதும் ஒன்றல்ல என்பதுதான் எங்கள் பிரச்சினை.

வாக்களிப்பு நாளும் முடிவும்

பிரசாரம் முடிந்த செப்டெம்பர் 18 இரவு தாளைப் பலகையிலிருந்து கழற்றினார்கள். வாக்களிப்பு நிலையமான பாடசாலை கூப்பிடு தூரத்தில் இருந்தது. சின்னங்கள் எழுதிய தாளை யாராவது பிரசாரம் என்று முறையிட்டால் நிலையத்தின் பெயர் கெடும். கழற்றவேண்டாம், கடைசி நாளில்தானே பார்ப்பார்கள் என்று சிலர் மறித்தார்கள். நான் கழற்றும் பக்கம். செயலாளர் தேர்தல் கடமையில் வேறு பிரதேசத்துக்குப் போய்விட்டதால், அன்று ஊரில் விளக்கம் சொல்ல ஆளும் இருக்கவில்லை.

முடிவு எல்லோருக்கும் தெரிந்தது. அநுர 5,634,915 வாக்குகள், 42.31 வீதம். சஜித் 4,363,035. ரணில் 2,299,767. நாமல் 342,781. அரியநேத்திரன் 226,343. எவரும் பாதியைத் தொடாததால், முதல் தடவையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. அதில் அநுரவுக்கு 105,264 வாக்குகளும் சஜித்துக்கு 167,867 வாக்குகளும் சேர்ந்தன. செப்டெம்பர் 23 அன்று அநுர பதவியேற்றார். முதல் இருவரையும் தவிர்ந்த 37 பேரும் கட்டுப்பணத்தை இழந்தார்கள், பதவியில் இருந்த ஜனாதிபதியைத் தவிர. அவர் 17 வீதம் எடுத்திருந்ததால் தப்பினார்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித் 121,177, அரியநேத்திரன் 116,688, ரணில் 84,558, அநுர 27,086. வாசிகசாலையில் இரண்டு தரப்பும் இதைத் தங்கள் வெற்றி என்றன. தலைவர் சஜித்தின் முதலிடத்தைக் காட்டினார். இளைஞர்கள், கட்சி எதிர்த்தும் நாலாயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம் என்றார்கள்.

எனக்கு உறைத்தது வேறு கணக்கு. நீக்கப்பட்டவர்கள் எல்லோருடைய வாக்குகளையும் கூட்டினால் 33 இலட்சத்துக்கும் மேல். அதில் முதல் இருவருக்குப் போய்ச் சேர்ந்த விருப்பு வாக்குகள் 273,131 மட்டுமே, நூற்றுக்கு எட்டு. முதலாவது எண்ணிக்கையில் முதல் இருவருக்கும் இடையே இருந்த இடைவெளி ஏறத்தாழ 12 இலட்சத்து 72 ஆயிரம். முடிவு மாறியிருக்கும் என்று சொல்லவில்லை. மாற்றக்கூடிய அளவு சீட்டுகள் பேசாமல் கிடந்தன என்றுதான் சொல்கிறேன். நாடு முழுவதும் 300,300 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. யாழ்ப்பாண மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்டவற்றின் வீதம் நாட்டின் சராசரியைவிடத் தெளிவாக அதிகம். இலங்கையில் முடிவுகள் தேர்தல் தொகுதி அளவில்தான் வெளியாகின்றன. ஊரளவில் பிரித்துப் பார்க்க வழியில்லை. எனவே பழத்தாள் இத்தனை வாக்கைக் காப்பாற்றியது என்று நிலையம் உரிமை கோரவில்லை, கோரவும் கூடாது.

எதை மாற்றவேண்டும்

ஒக்டோபரில் கூடிய நிர்வாகம் சில விடயங்களைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதியது. நான்கு நிரல் தாள் தொடரவேண்டும், ஆனால் வேட்புமனு நாளுக்கு முன்னரே "யார் நிற்கலாம், யார் நிறுத்தலாம்" என்ற விளக்கத்தோடு தொடங்கவேண்டும். ஓகஸ்ட் 15க்கு முந்திய இரண்டு கிழமை வீண்போனதால்தான் கட்சியா கட்டமைப்பா என்ற கேள்வி அவ்வளவு முற்றியது. வாக்குச்சீட்டுப் பயிற்சியை மண்டபத்தில் வைத்தால் வழமையாக வருபவர்கள்தான் வருவார்கள். மகளிர் சங்கக் கூட்டத்துக்கும் கடற்கரைக்கும் தாளைக் கொண்டுபோகவேண்டும். பிழையைக் காட்டியபின் உடனே இன்னொரு தாள் கொடுத்து மறுபடி போட வைக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கடற்றொழிலாளியைப்போல் பயந்து ஒன்றோடு நிற்பார்கள். தேர்தல் கடமைக்குப் போகாத ஒருவருக்கும் எல்லாம் சொல்லிக்கொடுத்து வைக்கவேண்டும்.

தலைவரின் பங்கு பற்றி ஒருவரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்: கட்சிச் சார்பு ஊரறிந்த ஒருவர் தலைவராக இருந்தும் தாளின் மீது சந்தேகம் வராததற்குக் காரணம், அவர் ஒரு வரியையும் எழுதவில்லை என்பதுதான். பேனையும் பென்சிலும் செயலாளரிடம் மட்டும் இருந்தன. இதை எழுதப்படாத ஏற்பாடாக விடாமல் விதியாக்குவது நல்லது.

நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தாள் மறுபடி ஏறியபோது புதுச் சிக்கல் வந்தது. சங்கு சின்னம் இப்போது ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியிடம் இருந்தது. செப்டெம்பரில் ஒரு சுயேச்சை வேட்பாளரின் சின்னமாகச் சங்குக்கு வாக்களித்தவர்களில் சிலர், அது எப்படி ஒரு கட்சியினுடையது ஆனது என்று கோபப்பட்டார்கள். செயலாளர் ஐந்தாவது நிரல் ஒன்றைச் சேர்த்தார்: இந்தச் சின்னம் போனமுறை யாரிடம் இருந்தது. அதைப் பேனையால் எழுதினார்.

2025 மே 6 அன்று உள்ளூராட்சித் தேர்தலும் வந்தது. அதில் விருப்பு வாக்கே இல்லை. கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே ஒரு புள்ளடி. எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல், அடையாளமிடுவதில் மூன்று விதி. இப்போது அந்த வாசிகசாலையின் தாளில் வேட்பாளர் பெயர்களுக்கு மேலே, முதல் வரியாக, இந்தமுறை எத்தனை அடையாளம், எங்கே போடுவது என்று சிவப்பு மையில் எழுதுகிறார்கள்.